‘க்வென்ச்சனாயோ’ சொல்வதில் செய்யக்கூடாத தவறுகள்

கொரிய நாடகம் பார்த்து மொழி கற்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும் சொற்களில் ஒன்று ‘க்வென்ச்சனாயோ’. அழுகிற தோழியின் முதுகைத் தடவிக்கொண்டு ஒருத்தி சொல்வாள். மாடிப்படியில் இடறி விழுந்தவன் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டே சொல்வான். திரையின் அடியில் ‘ஓகே’ என்றோ ‘பரவாயில்லை’ என்றோ வரும். அந்த ‘ஓகே’யை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வதில்தான் வினை ஆரம்பிக்கிறது.

சியோலில் ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று வையுங்கள். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார். உங்களுக்கும் ஆசைதான். சிரித்த முகத்தோடு ‘க்வென்ச்சனாயோ’ என்கிறீர்கள். காபி வராது. அவர் காதில் விழுந்தது ‘இருக்கட்டும்ங்க, வேண்டாம்’ என்பதுதான். யாராவது எதையாவது தர முன்வரும்போது இந்தச் சொல்லை மட்டும் சொன்னால் அது மறுப்பு. இப்போது இருக்கிறபடியே எனக்குப் போதும், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று பொருள். வேண்டுமென்றால் ‘நே, ஜுஸேயோ’ (ஆமாம், கொடுங்கள்) அல்லது ‘நே, கம்ஸாஹம்னிதா’ (சரி, நன்றி) என்று சொல்லிவிட வேண்டும். ‘ஜோவாயோ’வும் (நல்லது) சரிதான்.

ஆனால் இதே சொல் இன்னோர் இடத்தில் சம்மதமாகிவிடும். ‘இங்கே உட்காரலாமா?’, ‘நாளை மூன்று மணிக்குச் சந்திக்கலாமா, தோதுப்படுமா?’ என்று கேட்டால், ‘க்வென்ச்சனாயோ’ என்ற பதிலுக்கு ‘தாராளமாக’ என்று பொருள். ஆகவே சொல்லை விட்டுவிட்டுக் கேள்வியைப் பாருங்கள். ஒன்றைத் தரட்டுமா என்று கேட்டால் அந்தப் பதில் ‘வேண்டாம்’. அனுமதியோ வசதியோ கேட்டால் அது ‘ஆகட்டும்’. குழப்பம் வரும் என்று தோன்றினால் முன்னால் ‘நே’ (ஆமாம்) அல்லது ‘அனியோ’ (இல்லை) ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொரியர்களே அப்படித்தான் பேசுகிறார்கள். கடையில் பை வேண்டுமா, ரசீது வேண்டுமா என்று கேட்கும்போது ‘அனியோ, க்வென்ச்சனாயோ’ என்றால் வேலை முடிந்தது.

அடுத்த தவறு நேரெதிரானது. கொரியர் ஒருவர் ‘க்வென்ச்சனாயோ’ என்றதும் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வது. வயதானவர்களிடம் முதல் மறுப்பு பெரும்பாலும் மரியாதைக்காக வருவது. இப்படிக் கூச்சத்தோடு மறுப்பதற்கு ‘சயாங்’ என்று தனிப் பெயரே உண்டு. ‘சயாங் பண்ணாதீங்க, சாப்பிடுங்க’ என்று விருந்து வைப்பவர் வற்புறுத்துவார், விருந்தாளி மறுபடி மறுப்பார், கடைசியில் தட்டு கைக்கு வரும். நீங்கள் தருகிற இடத்தில் இருந்தால் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். இளைய தலைமுறை இந்தச் சடங்கை வெகுவாகக் குறைத்துக்கொண்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் முதல் முறை மறுத்தாலே அது மறுப்புதான். மூன்று முறை கேட்டால் தொல்லை. சுரங்க ரயிலில் பெரியவருக்கு இடம் தருவதாக இருந்தால் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள். கேட்டால் ‘க்வென்ச்சனாயோ, இதோ இறங்கிவிடுவேன்’ என்றுதான் சொல்வார். எழுந்து தள்ளி நின்றுவிட்டால் பேச்சே தேவைப்படாது.

நம்மவர்களில் அசைவம் சாப்பிடாதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நடு மேசையில் அடுப்பு, அதன்மேல் பன்றி இறைச்சி. பக்கத்தில் இருப்பவர் அன்போடு ஒரு துண்டை எடுத்து உங்கள் தட்டில் வைக்க வருகிறார். ‘க்வென்ச்சனாயோ’ என்கிறீர்கள். ‘பாவம், கூச்சப்படுகிறார்’ என்று இரண்டு துண்டாக வைக்கிறார். இந்த இடத்துக்கு அந்தச் சொல் உதவாது, காரணம்தான் உதவும். ‘கோகி மொன் மொகொயோ’ (இறைச்சி சாப்பிட முடியாது) என்று சொல்லுங்கள். அதிலுள்ள ‘மொன்’ என்பதற்கு ‘முடியாது’ என்று பொருள். ‘மாட்டேன்’ என்ற தொனி வராததால் கொடுத்தவர் மனம் கோணாது. முடிந்தால் தட்டு வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது உத்தமம். மதுவுக்கும் இதேதான். பெரியவர் பாட்டிலை நீட்டும்போது வெறும் ‘க்வென்ச்சனாயோ’ காற்றில் போய்விடும். ‘சுல் மொன் மஷொயோ’ (மது குடிக்க முடியாது) என்றோ, மருந்து சாப்பிடுகிறேன் என்றோ சொன்னால் நிறுத்திக்கொள்வார்.

மரியாதை விஷயத்தில் இரண்டு சறுக்கல்கள் உண்டு. முதலாவது, நாடகத்தில் கேட்ட ‘க்வென்ச்சனா’வை அப்படியே எடுத்துப் பெரியவர்களிடம் வீசுவது. கடைசியில் ‘யோ’ இல்லாத வடிவம் நெருங்கிய நண்பர்களுக்கும் சின்னவர்களுக்கும் மட்டும். அறிமுகம் இல்லாதவர்களிடம் ‘யோ’ கட்டாயம். அலுவலகத்தில் மேலதிகாரியிடம், வாடிக்கையாளரிடம் ‘க்வென்ச்சன்ஸும்னிதா’. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் இந்த நீண்ட வடிவத்தையே பழக்கிக்கொள்வது நல்லது. எங்கே சொன்னாலும் மரியாதைக் குறைவாகாது.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து மேலாளர் ‘க்வென்ச்சனுஸேயோ?’ (பரவாயில்லையா உங்களுக்கு?) என்று கேட்கிறார். நீங்கள் அதையே திருப்பி ‘நே, க்வென்ச்சனுஸேயோ’ என்கிறீர்கள். இடையில் வரும் அந்த ‘ஸே’ எதிரில் இருப்பவருக்கு வைக்கும் மரியாதை. அதைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டால், தமிழில் ‘நான் நல்லா இருக்காங்க’ என்று சொன்ன கணக்காகிவிடும். கேள்வியில் ‘ஸே’ இருந்தாலும் பதிலில் இருக்கக்கூடாது. அந்த ‘னு’வை ‘அது’, ‘காது’ என்று பேசும்போது கடைசியில் குறுகி வரும் உகரம் போலச் சொல்லிப் பாருங்கள், ஏறக்குறையச் சரியாக வரும். இந்த ஒலிக்கு ஆங்கில வழியில் படிப்பவர்கள் திணறுவார்கள். நமக்கு அது வீட்டுச் சரக்கு.

தொனியையும் கவனிக்க வேண்டும். கடைசி எழுத்தை மேலே ஏற்றினால் ‘ஒன்றும் ஆகவில்லையே?’ என்ற கேள்வி, இறக்கினால் ‘ஒன்றும் இல்லை’ என்ற பதில். நெரிசலில் ஒருவர் காலை மிதித்துவிட்டுப் பதற்றத்தில் தொனியை இறக்கிச் சொன்னால், மிதித்தவரே ‘பரவாயில்லை’ என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டுப் போனதாக ஆகிவிடும். முதலில் ‘ஜ்வேஸோங்ஹம்னிதா’ என்று மன்னிப்பு, அப்புறம்தான் தொனியை ஏற்றி ‘க்வென்ச்சனுஸேயோ?’.

சமைத்தவர் ஆவலோடு ‘எப்படி இருக்கிறது?’ என்று முகத்தைப் பார்க்கும்போதும் இதைச் சொல்லாதீர்கள். ‘ம்ம், பரவாயில்லை’ என்று கேட்கும். ‘மஷிஸ்ஸொயோ’ (ருசியாக இருக்கிறது) இருக்கும்போது எதற்குக் கஞ்சத்தனம்? ஆனால் ஓர் உணவகத்தையோ மனிதரையோ பற்றி மூன்றாமவரிடம் பேசும்போது இந்தச் சொல் நல்ல சான்றிதழ்தான். ‘அந்த ஆள் நல்ல மாதிரி’ என்ற அளவுக்குப் போகும்.

நன்றி சொன்னவருக்குப் பதில் சொல்லவும் ‘க்வென்ச்சனாயோ’ அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே ‘அனியேயோ’ (அதெல்லாம் ஒன்றுமில்லை) இயல்பு. மன்னிப்புக் கேட்டவருக்கு ‘க்வென்ச்சனாயோ’ சொன்னால் கச்சிதம்.

நாடகத்திலிருந்து வரும் இன்னொரு ஆபத்து ‘த்வெஸ்ஸொயோ’. ‘போதும், விடுங்கள்’ என்ற பொருளில் அதுவும் மறுப்புதான். ஆனால் சலிப்பும் எரிச்சலும் கலந்து ஒலிக்கும். கணவன் மனைவி சண்டையில் பொருந்தும், பழம் நறுக்கி நீட்டுகிற வீட்டுக்காரப் பாட்டியிடம் பொருந்தாது. அவரிடம் மெதுவாக மறுக்க வேண்டுமென்றால் ‘மாவும்மான் பாதுல்கேயோ’ இருக்கிறது. உங்கள் மனதை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று பொருள். பரிசு, பணம், விருந்து எதையும் முகம் வாடாமல் திருப்பித் தர இதைவிட நயமான வழி எனக்குத் தெரியாது.

ஆறுதல் சொல்லும்போது இந்தச் சொல்லுக்கு எல்லை உண்டு. தேர்வில் கோட்டைவிட்ட தம்பியிடம் ‘க்வென்ச்சனா, க்வென்ச்சனா’ என்று இரண்டு முறை சொன்னால் தோளில் கை போட்ட மாதிரி இருக்கும். துக்க வீட்டில் அதைச் சொல்லக்கூடாது. இறந்தவர் படத்தின் முன் வணங்கி, குடும்பத்தாரை வணங்கி, வாய் திறக்காமல் நின்றாலே அங்கே போதும்.