ஒரே மீனவர், ஐந்து பாணிகள்: அனிமேஷன் பாத்திரம் கீறப் பழகும் வழி

அனிமேஷன் பாத்திரம் கீறப் பழகுபவர்களில் பெரும்பாலானோர் கண்ணில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பெரிய கண், அதில் இரண்டு வெள்ளைப் புள்ளி, கூரான நாடி. நேராகப் பார்க்கும் முகம் அழகாக வந்துவிடும். அதே முகத்தைச் சற்றுத் திருப்பச் சொன்னால் பென்சில் நின்றுவிடும். ஒரு பாணியைத் தீர்மானிப்பவை வேறு: உடலை எத்தனை தலை உயரமாகப் பிரிக்கிறோம், கோடு எங்கே தடிக்கிறது, ஒரு செக்கனுக்கு எத்தனை படம் கீறப் போகிறோம். கண்ணின் வடிவம் இவற்றுக்குப் பிறகு வருவது.

ஆகவே ஒரே ஆளை எடுத்து, முதலில் உள்ளபடி கீறி, பிறகு அவரையே ஐந்து பாணிகளுக்கு மாற்றுங்கள். மட்டக்களப்பு வாவிக் கரையில் வீச்சுவலையோடு நிற்கும் மீனவர் இதற்கு மிகப் பொருத்தமானவர். மடித்துக் கட்டிய சாரம், தலையில் சுற்றிய துவாய், இடுப்பில் மீன் போடும் பறி. உடை எளிமை, அசைவோ உடல் முழுவதையும் முறுக்கித் திருப்புவது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் ஆள் அரிது.

தேவையானவை

போட்டோகொப்பிக் கடையில் கிடைக்கும் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள், எச்பி பென்சில் ஒன்று, 2பி ஒன்று, அடிப்படைக் கோடுகளுக்கு வெளிர்நீலப் பென்சில் ஒன்று, 0.3 மற்றும் 0.8 மி.மீ. கறுப்புப் பேனைகள். விலைகூடிய மார்க்கர் பெட்டிகளை இப்போது வாங்க வேண்டாம்.

ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்துப் பார்த்துக் கீற ஒளிமேசை வேண்டும். 5 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்றை 30 × 40 செ.மீ. அளவில் விளிம்பு தேய்த்து வாங்கி, இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் வைத்து, கீழே எல்ஈடி குமிழ் ஒன்றை எரிய விடுங்கள். கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ரேசிங் தாள் ஒட்டினால் வெளிச்சம் பரவி வரும், கண் கூசாது.

தாள்கள் நகராமல் இருப்பது மிக முக்கியம். கோப்புக்குத் துளையிடும் சாதாரணக் கருவி 6 மி.மீ. அகலத் துளைகளை 80 மி.மீ. இடைவெளியில் போடும். அதே இடைவெளியில் மரக்குச்சி இரண்டை ஒரு அடிமட்டத்தில் ஒட்டி, அடிமட்டத்தைக் கண்ணாடியின் விளிம்பில் பொருத்துங்கள். குச்சி துளைக்குள் இறுக்கமாக நுழைய வேண்டும். ஒரு மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தாலும் படங்களைத் தொடராக ஓட்டிப் பார்க்கும்போது பாத்திரம் முழுவதும் நடுங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரையான மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்து அலையலையாக வளையும், மையும் ஊறும். தாளைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் வைத்து, தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள்.

கணினி உள்ளவர்களுக்கு கிரிட்டா என்ற கீறும் மென்பொருள் இலவசம். அதில் அனிமேஷன் வசதியும் உண்டு. ஃபோனில் ஐபிஸ் பெயின்ட், பிளிப்பாகிளிப் செயலிகள் போதும். றப்பர் முனை கொண்ட மலிவான தொடுபேனை அழுத்தத்தை உணராது. தடித்து மெலியும் கோடு வேண்டுமானால் அதன் மேலேயே இன்னொரு கோடு இழுத்துத் தடிப்பாக்க வேண்டியிருக்கும்.

முதலில் உள்ளபடி

ஏ4 தாளை நெடுக்காக வைத்து, 21 செ.மீ. நிலைக்குத்துக் கோடு ஒன்று கீறி, அதை 3 செ.மீ. கொண்ட ஏழு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு ஒரு தலை. வளர்ந்த ஆணின் உடலுக்கு இது நம்பிக்கையான அளவு. முதலாவது கோட்டில் நாடி, இரண்டாவதில் மார்புக்காம்பு, மூன்றாவதில் தொப்புள். உடலின் சரிபாதியான 10.5 செ.மீ. இல் தொடைகள் பிரியும். முழங்கால் ஏறத்தாழ 15.5 செ.மீ. இல். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு தொடை பிரியும் மட்டத்துக்கு வரும். தோளின் அகலம் இரண்டு தலை உயரத்துக்குச் சற்று அதிகம். கண் தலையின் நடுவில் இருக்கும். தொடக்கத்தில் எல்லோரும் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள், மண்டை தட்டையாகிவிடுகிறது.

இந்த அளவு கைக்கு வந்ததும் கரைக்குப் போய், ஒவ்வொன்றும் 30 செக்கனுக்கு மேற்படாத இருபது வரைவுகளைக் கீறுங்கள். கீறலாமா என்று அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். முகம் வேண்டாம், விரல் வேண்டாம். தலை உச்சியில் இருந்து ஊன்றிய பாதம் வரை உடல் வளையும் ஒரே கோட்டை மட்டும் பிடியுங்கள். இதுதான் அசைவுக்கோடு. வலையைப் பின்னால் கொண்டு போகும்போது அது ஒரு பக்கம் வளையும். வீசி முடித்ததும் எதிர்ப்பக்கம் வளையும். இந்த இரண்டு வளைவும் ஒன்றுக்கொன்று நேரெதிராக இருந்தால்தான் வீச்சில் பலம் தெரியும்.

வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டின் மேல் நெஞ்சுக்கூட்டை முட்டையாகவும் இடுப்பைப் பெட்டியாகவும் நீலப் பென்சிலால் வையுங்கள். வீசுவதற்கு முன் நெஞ்சு பின்பக்கம் திரும்பியிருக்கும், இடுப்பு அவ்வளவு திரும்பாது. முட்டையும் பெட்டியும் ஒரே திசை பார்த்தால் படம் சிலையாகிவிடும். பழகுபவர்களிடம் மிக அதிகமாகக் காணும் பிழை இது. எந்தப் பாணிக்குப் போனாலும் கூடவே வரும் என்பதால் இங்கேயே திருத்துங்கள்.

குழாய்க்கை பாணி

அமெரிக்காவில் 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் வளர்ந்தது. உயரம் மூன்று அல்லது மூன்றரை தலை. தலை வட்டம், உடல் பேரிக்காய் வடிவம், கைகால்கள் முழங்கை முழங்கால் இல்லாத குழாய்கள். கண் ஒரு கறுப்பு முட்டை. அதில் ஒரு துண்டு வெட்டி எடுத்தது போன்ற வெள்ளை. கையில் நான்கு விரல் கொண்ட வெள்ளைக் கையுறை. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு உடலுக்கு முன்னால் கறுப்புக் கை வந்தால் தெரியாது என்பதற்கு அந்தக் கையுறை உதவியது. ஒரு விரல் குறைந்ததால் கீறும் வேலையும் குறைந்தது.

மீனவரின் சாரத்தை மணி வடிவமாக்குங்கள். வீசும் கையை ஒரே வளைவாக இழுங்கள். குழாயின் தடிப்பு தோளில் இருந்து மணிக்கட்டு வரை மாறக்கூடாது. ஒரு தாளில் கை 6 செ.மீ., அடுத்த தாளில் 8 செ.மீ. என்றால் கை நீண்டு சுருங்குவது போலத் தெரியும். ஒரு நூலை வளைவின் மேல் வைத்து ஒவ்வொரு தாளிலும் அளந்துவிடுங்கள்.

பருமன் கொண்ட பாணி

1930களின் பிற்பகுதியில் டிஸ்னி கலையகத்தின் முழுநீளப் படங்களோடு நிலைபெற்றது. ஐந்து முதல் ஆறு தலை உயரம், திரண்ட தசை, நசுங்கி நீளும் உடல். இதற்கு ஒரு விதிதான், அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது: நீண்டால் மெலிய வேண்டும், நசுங்கினால் அகல வேண்டும். உள்ளே இருக்கும் பருமன், அதாவது கனவளவு, மாறக்கூடாது.

இதற்கான பழைய பயிற்சி மாச்சாக்கு. அரைவாசி நிரப்பிய சாக்கு ஒன்றை நிற்க, குனிய, பாய, சோர்ந்து உட்காரக் கீறுங்கள். முகமும் கையும் இல்லாமல் அதன் மனநிலை தெரிய வேண்டும். மூலைகள் நான்கும் ஒவ்வொரு படத்திலும் எங்கே போகின்றன என்று புள்ளியிட்டுப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு மீனவரின் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அந்தச் சாக்கையே உள்ளே வையுங்கள். முறுகும் பக்கத்தில் துணியும் தோலும் மடியும், எதிர்ப்பக்கம் இழுபடும். ஐந்து பாணிகளிலும் அதிக நாள் கேட்பது இதுதான். இதைத் தாண்டிப் போக நினைக்க வேண்டாம்.

தட்டை வடிவப் பாணி

1940களின் இறுதியிலும் 1950களிலும் அமெரிக்காவின் யூபிஏ கலையகத்தினர் பருமனைக் கைவிட்டு, முக்கோணம், செவ்வகம், வளைவு என்று தட்டையான வடிவங்களுக்கு வந்தார்கள். இங்கே எல்லாம் நிழலுருவில் தங்கியிருக்கிறது. கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கண்ணுக்குப் பழகியதுதான்: வடமோடிக் கூத்தில் அரசரின் கரப்புடுப்பு இடுப்புக்குக் கீழே அகன்று விரியும். கூத்தாடும் வட்டக்களரியின் எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் அரசர் யார் என்று உருவமே சொல்லிவிடும்.

மீனவரைத் தலைகீழ் முக்கோணமாக எடுங்கள்: அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு, குச்சிக் கால். ஒரு பக்கம் நேர்கோடு என்றால் அதற்கு எதிர்ப்பக்கம் வளைவு வர வேண்டும். இரண்டு பக்கமும் வளைந்தால் ஊதிய பலூன் ஆகும், இரண்டும் நேரானால் பலகை ஆகும். முடிந்ததும் உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். வலை வீசுகிறார் என்று அப்போதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வீசும் கை உடலுக்கு முன்னால் மறைந்து நிற்கிறது. அதை வெளியே இழுத்து, கைக்கும் உடலுக்கும் இடையில் வெளிச்சம் விடுங்கள்.

ஜப்பானியத் தொலைக்காட்சிப் பாணி

1963 இல் ஜப்பானில் வாராந்த அனிமேஷன் தொடர்கள் தொடங்கியபோது காசும் நேரமும் குறைவு. திரையில் செக்கனுக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் இடத்தில் ஒரு படத்தையே மூன்று சட்டகத்துக்கு நிறுத்தி, 8 படங்களோடு சமாளித்தார்கள். உடல் அசையாத நேரத்தில் பார்ப்பவரைப் பிடித்து வைக்கக் கண்ணும் தலைமுடியும் வேண்டியிருந்தன. பெரிய கண்ணை இந்தக் காரணத்தோடு சேர்த்துப் பழகினால் எங்கே பெரிதாக்குவது, எங்கே விடுவது என்பது விளங்கும்.

முகத்தைத் தனித் தாளில் 10 செ.மீ. உயரத்தில் பழகுங்கள். மேலிமை 5 செ.மீ. இல், கீழிமை 7 இல், மூக்கு நுனி 8 இல், வாய் 8.7 இல். மேலிமைக் கோடு 0.8 பேனையால், கீழிமை 0.3 ஆல். நம் மீனவர் நடுவயதுக்காரர் என்றால் கீழிமையை 6.3 க்கு உயர்த்தி, மூக்கை நீட்டி, கன்னத்தில் ஒரு கோடு சேர்த்தால் வயது வந்துவிடும். தலைமுடியை மயிர் மயிராகக் கீறாமல் ஐந்து முதல் ஏழு கொத்தாகப் பிரியுங்கள். நிழல் ஒரே ஒரு நிறம், விளிம்பு கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக.

முகப்புக்கும் பக்கத் தோற்றத்துக்கும் இடைப்பட்ட முக்கால் திருப்பத்தில்தான் எல்லாம் பிழைக்கிறது. தூரத்துக் கண் அகலத்தில் குறைய வேண்டும், உயரத்தில் குறையத் தேவையில்லை. முகத்தின் நடுக்கோட்டை நீலப் பென்சிலால் வளைவாகப் போட்டு, மூக்கையும் வாயையும் அதன் மேலேயே வையுங்கள். இல்லாவிட்டால் வாய் கன்னத்துக்கு நழுவும். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பார்த்தால் பிழை உடனே தெரியும்.

இதன் குட்டி வடிவம் இரண்டரைத் தலை: தலை ஒன்று, உடல் முக்கால், கால் முக்கால். விரல்கள் வேண்டாம். வலைக்கு எட்டுக் கோடு போதும்.

வெட்டுருவப் பாணி

1926 இல் ஜேர்மனியில் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையில் வெட்டிய நிழலுருவங்களால் முழுநீளப் படமே வெளியிட்டார். இதற்குப் பக்கத் தோற்றம் மட்டும் போதும். பிறிஸ்டல் போட் என்ற கறுப்பு அட்டையில் 18 செ.மீ. உயர மீனவரைத் தலை, நெஞ்சு, சாரம், மேற்கை, முன்கை, கால் என்று தனித்தனியாக வெட்டுங்கள். மூட்டு வரும் முனை முழு வட்டமாக இருக்க வேண்டும், துளை அந்த வட்டத்தின் சரிநடுவில். துளை விலகினால் கை மடியும்போது மூட்டில் கொம்பு முளைக்கும். மெல்லிய செப்புக் கம்பியைக் கோத்து இரு பக்கமும் சுருட்டிவிடுங்கள். ஒளிமேசையின் மேல் வைத்து, ஃபோனை மேலே அசையாமல் கட்டி, செக்கனுக்கு 12 படம் என்ற கணக்கில் எடுங்கள். ஃபோனின் வெளிச்ச அளவைப் பூட்டாவிட்டால் படம் மினுங்கும்.

மாதிரித் தாளும் ஓட்டிப் பார்த்தலும்

ஒவ்வொரு பாணிக்கும் ஒரு மாதிரித் தாள் செய்யுங்கள்: முகப்பு, முக்கால், பக்கம், பின்புறம் நான்கும் ஒரே வரிசையில். உச்சி, கண், நாடி, தோள், இடுப்பு, முழங்கால், பாதம் ஆகியவற்றின் ஊடாகக் கிடைக்கோடுகளை நான்கு உருவத்துக்கும் சேர்த்து இழுங்கள். கோட்டில் பொருந்தாததைத் திருத்தாமல் அசைவுக்குப் போக வேண்டாம். இந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் மட்டக்களப்பின் கல்லடியில்தான் இருக்கிறது. கட்புலக் கலையைத் தொடர்ந்து படிக்க நினைப்பவர்களுக்குத் தங்கள் வேலையைக் காட்ட இப்படி ஒரு தொகுப்பு இருப்பது நல்லது.

பிறகு வலையை வீச வையுங்கள். மொத்தம் 2 செக்கன், 48 சட்டகம். பின்னால் முறுகுவதற்கு 12, வீச்சுக்கு 6, வலை விரிய 12, உடல் தணிய 18. பருமன் கொண்ட பாணியில் வீச்சின் ஆறு சட்டகத்துக்கும் ஆறு படம், மற்றப் பகுதிகளுக்கு இரண்டு சட்டகத்துக்கு ஒன்று, ஆக 27 படம். ஜப்பானியப் பாணியில் முறுகலுக்கு ஒரே படம், வீச்சுக்கு இரண்டு, வலைக்கு நான்கு, கடைசியில் அசையாத ஒரு படம்: எட்டோடு முடிந்துவிடும். தட்டைப் பாணிக்கும் இதே எண்ணிக்கை போதும். குழாய்க்கைக்குத் தணியும் பகுதியிலும் துள்ளல் வேண்டும், அங்கே படத்தைக் குறைக்க வேண்டாம்.

வலை காற்றில் நின்றுவிட்டது போலத் தெரிந்தால் விரியும் படங்களின் இடைவெளி சமமாக இருக்கிறது. முதல் இரண்டு படத்துக்குள்ளேயே வட்டத்தின் முக்கால் அகலத்தை அடைந்து, மிச்சக் கால் பங்கை மற்றப் படங்களுக்கு விடுங்கள். விளிம்பில் ஈயக்குண்டுகள் இருப்பதால் வலையின் ஓரம் முன்னே போகும், நடுப்பகுதி பின்னே இழுபடும். ஓரத்தை முதலில் கீறி, நடுவை அதன் பிறகு கீறுங்கள்.