'ரிசல்ட்' என்ற வினையும் நம் வேற்றுமை உருபுகளும்

மே மாதம் பிறந்துவிட்டால், காரைக்குடி செக்காலைச் சாலையின் தேநீர்க் கடைகளில் "ரிசல்ட் வந்திருச்சா?" என்ற கேள்வி காதில் விழாத நாளில்லை. பெயர்ச்சொல்லாக அது ஏறத்தாழத் தமிழாகவே ஆகிவிட்டது. அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, அதையே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக எழுத நேரும்போது நம் எச்சரிக்கை தளர்ந்துவிடுகிறது. நான் திருத்தும் கட்டுரைகளில் காணும் பிழைகளுள் பெரும்பாலானவை, பொருந்தாத தமிழ் வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதால் வருவன.

முதல் பிழை, திசை மாறுவது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, கீழ்ப்பர்மாவில் கடனைத் திருப்ப இயலாத உழவர்களின் நிலங்கள், கடன் கொடுத்திருந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கைக்கு வந்தன. அங்குள்ள 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை, அப்பத்தாண்டின் பிற்பகுதியில் 25 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. இதை எழுதும் மாணவர் விலை வீழ்ச்சியை எழுவாயாக வைத்தால் 'ரிசல்டட் இன்' என்றும், நிலம் கைமாறியதை எழுவாயாக வைத்தால் 'ரிசல்டட் ஃப்ரம்' என்றும் எழுத வேண்டும். இரண்டையும் மாற்றிவிட்டால், நிலம் கைமாறியதால்தான் நெல் விலை விழுந்தது என்று வரலாறே தலைகீழாகிவிடும். "பேச்சு சண்டையில் முடிந்தது" என்னும்போது வரும் ஏழாம் வேற்றுமையே 'இன்'. "சண்டை ஒரு பேச்சிலிருந்து விளைந்தது" என்னும்போது வரும் ஐந்தாம் வேற்றுமையே 'ஃப்ரம்'. இதைப் பிடித்துக்கொண்டால் ஐயம் எழாது.

'ரிசல்டட் டு' என்று எழுதுவோர், "இழப்புக்கு வழிவகுத்தது" என்ற தொடரின் நான்காம் வேற்றுமையை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அந்த உருபுக்கு உரியது 'லெட் டு'. அதைவிட அடிக்கடி காண்பது 'வாஸ் ரிசல்டட் பை'. இதன் பின்னால் நிற்பது 'ஆல்' உருபு. ஆனால் இவ்வினை செயப்படுபொருள் குன்றியது. ஆகவே செயப்பாட்டு வடிவமே அதற்கு இல்லை. தமிழிலும் 'விளைந்தது' என்கிறோமே தவிர 'விளையப்பட்டது' என்பதில்லை. மூலமான இலத்தீன் வினைக்கே துள்ளித் திரும்புதல் என்பதுதான் பொருள். துள்ளுவது தானாகத் துள்ளுகிறது.

'ஆஸ் எ ரிசல்ட்' என்று தனித்து நின்றால் காரணம் முந்தைய வாக்கியத்தில் இருக்க வேண்டும். 'ஆஃப்' சேர்ந்தால் காரணம் அதன் பின்னேயே பெயர்த்தொடராக வர வேண்டும். தொடர்மழையால் ஆத்தங்குடித் தரைக்கல் காயத் தாமதமானதைச் சொல்லும்போது, 'ஆஃப்' என்பதை அடுத்து 'தி ஹெவி ரெயின்' வரலாம். 'தி ரெயின் வாஸ் ஹெவி' என்ற முழு வாக்கியம் வரக் கூடாது.

'ரிசல்ட்' என்பதற்கு நெருங்கிய பொருளுடைய பிற சொற்களிலும் கவனம் வேண்டும். 'கான்ஸிக்வென்ஸ்' பெரும்பாலும் விரும்பத்தகாத பின்விளைவையே குறிக்கும்; பெரியவர் ஒருவரின் ஆசியால் வேலை கிடைத்தது என்று நன்றிக் கடிதம் எழுதுபவர் அச்சொல்லைப் பயன்படுத்தினால், ஆசியைக் குறைகூறுவது போலாகிவிடும். எப்படி முடியும் என்று முன்கூட்டித் தெரியாத பேச்சுவார்த்தைக்கும் வழக்குக்கும் 'அவுட்கம்' நன்கு பொருந்தும். கிரிக்கெட்டில் 'நோ ரிசல்ட்' என்பதை 'டிரா' என்று எழுதுவதும் பிழை. ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிவது 'டிரா'. ஒருநாள் ஆட்டத்தில் மழையால் இரண்டாவது அணிக்குக் குறைந்தது 20 ஓவர்கூட வீச இயலாமற்போனால், பொதுவாக அது 'நோ ரிசல்ட்'.

எஞ்சியது ஒருமை பன்மை. ஆட்டத்துக்கு 'ரிசல்ட்' ஒன்றே. பல பாடங்கள் கொண்ட தேர்வுக்கும், பல அளவுகளைச் சொல்லும் இரத்தப் பரிசோதனைக்கும் 'ரிசல்ட்ஸ்' என்பதே வழக்கு. நம் முன்னோர் கடையில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போட்டுப் பார்த்துக் கண்ட இலாப நட்டத்தை இன்றைய நிறுவனங்கள் காலாண்டுதோறும் வெளியிடும்போது, அதையும் பன்மையில்தான் குறிப்பிடுகின்றன.