கம்ப்யூட்டரில் தோடி ராகம் வாசிக்க: தாமதத்தைக் குறைக்கும் வழி

கம்ப்யூட்டரை வாத்தியமாக வாசித்து மனம் நிறையுமா? நிறையும். ஆனால் வாங்கி வந்த நிலையிலேயே நிறையாது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் தட்டிய கணமே ஒலிக்கும். அம்மன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் வீசுகோலை நாணில் போட்டதுமே மணிகள் குலுங்கும். கைக்கும் காதுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. விண்டோஸ் லேப்டாப்பில் அந்த இடைவெளியைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.

முதல் படி: சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ள யுஎஸ்பி மிடி கீபோர்டு (கம்ப்யூட்டரில் செருகி வாசிக்கும், பியானோ போன்ற கட்டைகள்) ஒன்று வேண்டும். எழுத்துத் தட்டும் கீபோர்டு வேண்டாம். அழுத்தித் தட்டினாலும் மெல்லத் தட்டினாலும் அதில் ஒரே ஒலிதான். ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பரை நிறுவி, ஒரு டிராக்கில் சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்தசைசர் மென்பொருளைச் சேருங்கள். சர்ஜ் இலவசம், காசு கொடுத்து வாங்கும் பலவற்றைவிட எனக்கு அதுவே பிடிக்கும்.

இரண்டாம் படி: என்னை ரொம்ப நாள் நிறுத்தி வைத்த இடம் இது. கட்டையை அழுத்தினால் ஒலி பின்னால் வருகிறதா? கீபோர்டைச் சந்தேகிக்காதீர்கள், காரணம் பஃபர், அதாவது ஒலியை வெளியே விடும் முன் கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும் துண்டு. 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) 1024 சாம்பிள் வைத்தால் அதுவே சுமார் 21 மில்லிசெகண்ட். 7 மீட்டர் தள்ளி அடிக்கிற குடத்தைக் கேட்பது போல இருக்கும். தாமதத்தைக் குறைக்க உதவும் ஏசியோ4ஆல் என்ற ஒலி டிரைவரை நிறுவுங்கள். ரீப்பரின் ஆடியோ டிவைஸ் பக்கத்தில் ஏசியோவைத் தேர்ந்து, பஃபரை 128 ஆக்குங்கள். பஃபரால் வரும் தாமதம் 3 மில்லிசெகண்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஒலி படபடவென்று பொரிந்தால் சார்ஜரைச் செருகி, வைஃபையை அணைத்துப் பாருங்கள். அப்புறமும் பொரிந்தால் 256. அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

மூன்றாம் படி: கமகம், அதாவது சுரத்தை அசைப்பது. பிட்ச் பெண்ட் வழக்கமாக மேலே 2, கீழே 2 அரைச்சுரம்தான் (அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான தூரம்) நகரும். தோடியில் சுத்த ரிஷபத்திலிருந்து சுத்த மத்யமம் 4 அரைச்சுரம். சர்ஜில் பெண்ட் அளவை மேலே 4 ஆக்கிவிட்டு, ரிஷபத்தை அழுத்தியபடி சக்கரத்தை உருட்டிக் காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள். கட்டையை மட்டும் நம்பினால் தோடி வரவே வராது. சக்கரத்தில் இடது கை பழகத் தினமும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் தாமதம் போகவில்லை என்று தென்காசியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். விசாரித்தால், அவர் காதில் ப்ளூடூத் ஹெட்போன்! அது தன் பங்குக்கு நூறு மில்லிசெகண்டுக்கும் மேல் சேர்த்துவிடும். வயர் உள்ள சாதாரண ஹெட்போனை மாட்டுங்கள். கொடை மேடையில் வாசிப்பவர்கள் ஸ்பீக்கருக்கும் வயரையே இழுங்கள்.