விமானத்தின் ஹைட்ரோலிக் கசிவையும் சக்கரக் கோளாறையும் கண்டுபிடிப்பது எப்படி? தொழிலுக்குப் புதியவர்களுக்கு

சீனக்குடாப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட அந்தத் தளத்தில்தான் இன்று விமானப் படையின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்து, விமானம் திருத்தும் தொழிலுக்கு வர ஆசைப்படும் திருகோணமலைத் தம்பி தங்கச்சிமார் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, பழுது எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?" பாகத்தைக் கழற்றி மாட்டுவதை யாரும் பழகிவிடலாம். எந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும் என்று அறிவதுதான் தொழில். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

ஒரு நிபந்தனை. அந்த விமானத்துக்குரிய பராமரிப்புக் கைநூல் திறந்திருக்க வேண்டும், அனுமதிப்பத்திரமுள்ள பொறியியலாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஸ்பானரைத் தொடாதீர்கள்.

முதல் படி: ஓட்டியவரிடம் கேளுங்கள்

குறிப்பேட்டில் "பிரேக் சரியில்லை" என்று மட்டும் எழுதியிருக்கும். அதை வைத்து வேலை தொடங்க முடியாது. மிதித்தால் பெடல் கீழே போகிறதா? இரண்டு மூன்று தடவை மிதித்தால் இறுகுகிறதா? விமானம் ஒரு பக்கம் இழுக்கிறதா? காலையில் முதல் ஓட்டத்திலா, பல தடவை இறங்கிச் சூடானபிறகா? இந்த நாலு கேள்விக்கும் விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: எண்ணெயை அடையாளம் காணுங்கள்

எண்ணெயின் அழுத்தத்தால் பிரேக்கையும் சக்கரத்தையும் இயக்குவதைத்தான் ஹைட்ரோலிக் என்கிறோம். செஸ்னா 172 போன்ற சிறிய விமானங்களில் இதற்குச் சிவப்பு நிறக் கனிம எண்ணெய் இருக்கும். தொழிலில் 5606 என்றுதான் சொல்வோம். பெரிய பயணிகள் விமானங்களில் பெரும்பாலும் ஊதா நிறத்தில் ஸ்கைட்ரோல் என்ற வேறுவகை எண்ணெய் இருக்கும். அது கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், தோலையும் பதம் பார்க்கும். கையுறையும் கண்ணாடியும் போடாமல் அதன் கிட்டப் போக வேண்டாம்.

இந்த இரண்டையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. ஒன்றுக்கென்று செய்த ரப்பர் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் பாகம்) மற்றதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். அவசரத்துக்கு மோட்டார் கடையில் விற்கும் கார் பிரேக் எண்ணெயைச் சிறிய விமானத்தில் ஊற்றுவதும் அதே தவறுதான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாள் போனபிறகு எல்லா சீலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுகத் தொடங்கும்.

மூன்றாம் படி: துடையுங்கள், காத்திருங்கள்

நான் பயிலுநராக இருந்த காலத்தில் ஒரு சிறிய விமானத்தின் இடது பிரேக்கில் எண்ணெய் சொட்டியது. சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே இருந்தது கலிப்பர், அதாவது பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம். சந்தேகமே இல்லாமல் அதைக் கழற்றி ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றினேன். அடுத்த நாளும் சொட்டியது. ஓ-ரிங்கைத் தவறாகப் போட்டுவிட்டேனோ என்று பயந்து திரும்பவும் மாற்றினேன். மூன்றாம் நாள் என் மூத்தவர் வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், சக்கரக் காலை மேலிருந்து கீழ்வரை துணியால் துடைத்தார். குழாய் இணையும் ஒவ்வொரு இடத்திலும் வெள்ளை ரிஷூ ஒன்றைச் சுற்றினார். என்னைப் பெடலை மிதித்துப் பிடித்திருக்கச் சொன்னார். கலிப்பரில் சுற்றிய ரிஷூ அப்படியே வெள்ளையாக இருந்தது. இரண்டு முழம் மேலே, காலின் உச்சியில் இருந்த நட்டில் சுற்றியதுதான் ஒரு ஓரத்தில் மெல்லச் சிவந்தது. எண்ணெய் அங்கே கசிந்து, குழாயோடு குழாயாக ஓடிவந்து, கீழே கலிப்பரில் சொட்டியிருக்கிறது.

எண்ணெய் விழும் இடம் வேறு, புறப்படும் இடம் வேறு. ஆகவே முதலில் முழுவதும் துடைத்து உலர்த்துங்கள். பிறகு அழுத்தம் கொடுங்கள். பிறகு மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதலில் ஈரமாகும் மிக உயர்ந்த புள்ளிதான் உங்கள் பழுது. நட்டுத்தான் காரணம் என்று தெரிந்தாலும் கண்மூடி இறுக்காதீர்கள். அதிகம் இறுக்கினால் குழாயின் விரிந்த வாய் வெடித்துவிடும். அழுத்தத்தை இறக்கி, கைநூல் சொன்ன அளவுக்கு முறுக்குமானியால் இறுக்குங்கள்.

பெரிய விமானமென்றால் இன்னொரு எச்சரிக்கை. மோட்டார் சைக்கிள் ரயருக்கு நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு). பயணிகள் விமானம் பலவற்றின் ஹைட்ரோலிக் அழுத்தம் 3000 பிஎஸ்ஐ. அதில் ஊசித்துளை அளவு கசிவு விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத தாரையாகப் பாயும், தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும். கையால் தடவிக் கசிவு தேடவே கூடாது. ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தோலில் பட்டுவிட்டால், வலி இல்லையென்றாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான்காம் படி: பிரேக் என்ன சொல்கிறது?

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, பல தடவை மிதித்தால் இறுகுகிறதா? குழாய்க்குள் காற்று இருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போகிறதா? வெளியே கசிவு இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்து எண்ணெய் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடுகிறது. காலை எடுத்தபிறகும் பிரேக் பிடித்தபடி இருக்கிறதா? கலிப்பரின் பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருக்கலாம், அல்லது எண்ணெய் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கலாம். நம்முடைய உப்புக் காற்றில் முதலில் பிஸ்டனைத்தான் பார்ப்பேன்.

காற்று எடுக்கும் முறை கராஜில் பார்த்ததற்கு நேர்மாறு. மோட்டார் சைக்கிளில் மேலே எண்ணெய் ஊற்றி, லீவரை அமுக்கி அமுக்கிக் கீழே காற்றை வெளியேற்றுவார்கள். சிறிய விமானங்களில் பெரும்பாலும் கீழே கலிப்பரில் இருந்து எண்ணெயை மேல்நோக்கித் தள்ளுவோம். காற்றுக்குமிழி தானாகவே மேலே போகிற சாமான். அது போகும் வழியிலேயே தள்ளிவிட்டால் சுலபமாக வெளியேறும். மேலே மாஸ்டர் சிலிண்டரில் தெளிவான குழாய் ஒன்றை மாட்டி, நுனியைப் போத்தலுக்குள் விடுங்கள். குமிழி இல்லாத சுத்தச் சிவப்பு எண்ணெய் வரும்வரை நிறுத்த வேண்டாம்.

ஐந்தாம் படி: முன்காலின் ஸ்ட்ரட்

ஸ்ட்ரட் என்பது எண்ணெயும் வாயுவும் சேர்ந்து வேலை செய்யும் கால். வாயு விமானத்தின் பாரத்தைத் தாங்குகிறது. இறங்கும்போது வரும் அடியை எண்ணெய் வாங்குகிறது. புதியவர்கள் பலர் தவறுவது இங்கேதான்: பளபளக்கும் குரோம் தண்டு கைநூல் சொன்ன அளவு வெளியே தெரிந்தால் எல்லாம் சரி என்று விட்டுவிடுவார்கள். அந்த உயரத்தை வைத்து எண்ணெய் போதுமா என்று சொல்ல முடியாது. எண்ணெய் குறைந்த ஸ்ட்ரட்டுக்குக் கூடுதலாக வாயு அடித்தால் நிற்கும்போது உயரம் சரியாகவே இருக்கும். ஓடும்போதும் இறங்கும்போதும் "டக்" என்று அடி கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வாயு அடிப்பதை நிறுத்துங்கள், எண்ணெயை அளந்து பாருங்கள்.

அதற்கு மூக்கை உயர்த்தித் தாங்கு கொடுத்து, வாயுவை முழுவதும் வெளியே விட வேண்டும். முழுவதும் என்றால் முழுவதும்தான். அழுத்தம் மிச்சமிருக்கும்போது வால்வைக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும். பிறகு ஸ்ட்ரட்டை அமுக்கி, எண்ணெய் நிரப்பி, சில தடவை நீட்டி அமுக்கிக் குமிழிகளை வெளியேற்றி, மட்டம் பார்த்து வால்வைப் பூட்டுங்கள். செஸ்னா 172இன் முன்காலுக்கு 45 பிஎஸ்ஐ என்று அதன் கைநூல் சொல்கிறது. நைதரசன் இருந்தால் நல்லது, அதில் ஈரம் இல்லை. ஒட்சிசன் சிலிண்டரை மட்டும் இந்த வேலைக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

துறைமுக நீருக்குப் பக்கத்திலேயே விமானம் நிற்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். குரோம் தண்டில் படியும் உப்பும் புழுதியும் அரம் மாதிரி சீலை அறுக்கும். அதே ஹைட்ரோலிக் எண்ணெயில் நனைத்த சுத்தத் துணியால் தினமும் துடைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை, ஒரு சீலின் ஆயுள்.

ஆறாம் படி: மடங்கும் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது

சக்கரம் உள்ளே மடங்கும் விமானமென்றால், ஜாக்கில் தூக்கி, இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் காலத்தில் வெளியில் செய்யவே வேண்டாம்; ஹாங்கர் எனும் விமானக் கொட்டகைக்குள், கதவு சாத்தி. ஒருவர் காக்பிட்டில், ஒருவர் வெளியே, இருவரும் குரலால் தொடர்பில். மடங்கும் வழியில் ஆள், ஏணி, கருவி ஒன்றும் இருக்கக்கூடாது. சக்கரம் மடங்காமல் தடுக்கும் பூட்டு ஊசிகளை எடுத்தபிறகு எண்ணி ஒரு இடத்தில் வையுங்கள்.

சக்கரங்கள் இறங்கிப் பூட்டியதைக் காக்பிட்டில் காட்டும் மூன்று பச்சை விளக்கில் ஒன்று எரியவில்லையா? சக்கரம் உண்மையில் பூட்டியிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள். பூட்டியிருந்தால், எரியும் விளக்கின் பல்பை எடுத்து எரியாத இடத்தில் மாட்டுங்கள். அதுவும் எரியாவிட்டால், சக்கரம் பூட்டியதும் விளக்கை எரியவைக்கும் சுவிட்சில் சேறும் உப்பும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் வயர். இந்தப் பல்பு சின்ன விஷயமல்ல. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமிக்கு அருகே ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் 401ஆம் இலக்க விமானத்தில் முன்சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. விமானிகள் எல்லோரும் அதிலேயே மூழ்கியிருக்க, விமானம் உயரம் இழந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. 101 பேர் இறந்தார்கள். முன்சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டித்தான் இருந்தது, எரிந்துபோனது பல்பு. அதனால்தான் பல்பு மாற்றும் வேலையையும் நான் பயிலுநரிடம் விட்டுவிட்டுப் போவதில்லை.

அவசர முறையில் சக்கரம் இறங்குகிறதா என்றும் கட்டாயம் பாருங்கள். பலர் நேரமில்லை என்று இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

முடிந்ததும் சக்கரத்தை இறக்கி, பூட்டு ஊசிகளை மாட்டி, ஜாக்கை எடுங்கள். ஸ்ட்ரட் சில வேளை சிக்கி நிற்கும். விமானத்தை மெல்ல ஆட்டி அமரவிட்டு, அதன்பிறகு வெளியே தெரியும் குரோமின் நீளத்தை அளவுகோலால் அளவிடுங்கள். குறிப்பேட்டில் "சரி" என்று எழுதாமல் அந்த அளவையே எழுதுங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொருவர் அளக்கும்போது, ஸ்ட்ரட் தாழ்ந்து வருகிறதா இல்லையா என்று அவருக்கு அந்த எண்தான் சொல்லும்.