ஷாங்காய் புறநகரில் ஆசிரியர் வேலை: சொங்ஜியாங்கில் குடியேற ஒரு கையேடு

ஷாங்காய் மெட்ரோவின் 9-ஆம் தடத்தில் தென்மேற்கே போனால் சொங்ஜியாங் பல்கலைக்கழக நகர் வரும். ஷாங்காய் பன்னாட்டு மொழிகள் பல்கலைக்கழகம், தோங்ஹுவா பல்கலைக்கழகம் என்று பல வளாகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வாடகை நகர மையத்தைவிடக் குறைவு, வீடும் பெரிது. ஆனால் இங்குள்ள வங்கிக் கிளை, காவல் நிலையம், சிம் கடை ஆகியவற்றில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கையாண்ட அனுபவம் குறைவு. உங்கள் காகிதம் துல்லியமாக இருந்தால்தான் வேலை நடக்கும். பாதிக் கவலையைக் கிளம்பும் முன்பே தீர்த்துவிடலாம்.

விசாவில் சமரசம் வேண்டாம்

வேலைக்கு வருபவருக்கு இசட் விசாதான். பள்ளி முதலில் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். அதைக் காட்டித்தான் தூதரகத்தில் விசா எடுக்க முடியும். வந்து 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 'வணிக விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம்' என்று சொல்லும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும், அந்த மொழி பேசும் நாட்டின் குடிமகனாகவும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதனால் ஆங்கில ஆசிரியர் என்ற பெயரில் நமக்கு அனுமதி கிடைப்பது கடினம். பன்னாட்டுப் பள்ளியில் கணிதம், இயற்பியல், கணினி, அல்லது பல்கலைக்கழகப் பணி ஆகியவைதான் நேரான வழி. கடிதத்தில் எந்த வேலை எழுதியிருக்கிறதோ அதைத்தான் செய்யலாம். வார இறுதியில் வெளியே டியூஷன் எடுப்பது சட்டவிரோத வேலை: 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், நிலைமை கடுமையானால் 5 முதல் 15 நாள் காவல்.

வசிப்பு அனுமதிக்குக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வரும்வரை கையில் ரசீது மட்டும்தான் இருக்கும். அந்த நாட்களில் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.

பெயர்: நம்மவர்கள் அதிகம் சிக்கும் இடம்

தமிழர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சாதாரணம். சில பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அங்கே இருக்கும். சீனப் படிவங்களோ குடும்பப் பெயரை முதலில் கேட்கும். ஸ்கேனர் வைத்திருப்பவருக்குப் பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரிகளில் இருந்து பெயர் வரும்; கையால் தட்டுபவர் மேலே பார்த்துத் தட்டுவார். ஒரே ஆள் சிம்மில் இடைவெளியோடும், வங்கியில் இடைவெளி இல்லாமலும், வேலை அனுமதியில் பெயர் வரிசை மாறியும் பதிவாகிவிடுவார். பிறகு வீசாட்டில் (செய்தி அனுப்பவும் பணம் செலுத்தவும் எல்லோரும் பயன்படுத்தும் செயலி) வங்கி அட்டையைச் சேர்க்கப் போனால், நீங்கள் தரும் பெயர் வங்கிப் பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் 'தகவல் பொருந்தவில்லை' என்று நிராகரிக்கும்.

தடுக்க வழி எளிது. வேலை அனுமதிக் கடிதத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் சிம், அடுத்து வங்கி, கடைசியில் வீசாட், இன்னொரு பணம் செலுத்தும் செயலியான அலிபே. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் தாளைக் காட்டி, கையெழுத்துப் போடும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள்; பிறகென்றால் அதே கிளைக்கு மறுபடி அலைய வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கு வரும்வரை ஊர் வங்கியின் விசா, மாஸ்டர் அட்டையை அலிபேயில் சேர்த்துச் சமாளிக்கலாம். ஒரு பரிவர்த்தனை 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதம் கட்டணம்.

ஊர் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். ஓடிபி வருவதற்கும் அதுதான் வழி, வாட்ஸ்அப், கூகுள் திறப்பதற்கும் அதுதான் வழி. உள்ளூர் இணையத்தில் இரண்டும் திறக்காது.

வீடு

ஒப்பந்தம் போடும் முன் உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது: 'போலீஸ் பதிவுக்குச் சொத்துப் பத்திர நகலும் அடையாள அட்டை நகலும் தருவீர்களா?' தயங்கினால் அந்த வீடு வேண்டாம். வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் வசிப்பிடத்தைப் பதிய வேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே செய்வார்கள். வாடகை வீடென்றால் பகுதிக் காவல் நிலையத்துக்குப் பாஸ்போர்ட், ஒப்பந்தம், அந்த இரண்டு நகல்கள் எல்லாம் எடுத்துப் போக வேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம். வீடு மாறினாலும், புது பாஸ்போர்ட் வாங்கினாலும், வசிப்பு அனுமதி ஒட்டிய பிறகும் புதுப்பியுங்கள். அவர்கள் தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வசிப்பு அனுமதிக்கு அதுதான் முதல் ஆவணம்.

பணம் பெரும்பாலும் ஒரு மாத அட்வான்ஸ், மூன்று மாத வாடகை முன்பணம். புரோக்கர் கமிஷன் தனி. ஆக, முதல் சம்பளத்துக்கு முன்பே ஐந்து மாத வாடகை அளவுக்குக் கையில் வேண்டும்.

தெற்கு நோக்கிய அறையாகப் பாருங்கள். ஷாங்காயில் மையச் சூடேற்றும் வசதி கிடையாது. ஜனவரியில் ஈரக் குளிர் எலும்பில் இறங்கும், பகல் வெயில் உள்ளே வரும் அறைதான் தாங்கும். தரைத்தளத்தைத் தவிருங்கள். ஜூன் நடுவில் தொடங்கும் 'பிளம் மழை' என்ற மழைக்காலத்தில் சுவரும் தோல் செருப்பும் பூஞ்சை பிடிக்கும். ஆறு மாடிக் கட்டடங்களில் பலவற்றுக்கு லிஃப்ட் இல்லை. வரைபடத்தில் பள்ளி 'அருகில்' என்று தெரிந்தாலும் நம்பாதீர்கள்; இங்கே வளாகங்கள் பெரியவை, திறந்திருக்கும் வாசல் மறுபக்கம் இருக்கலாம். வாசல் வரையும் மெட்ரோ வரையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மீட்டரில் பகல், இரவு எனத் தனி விலை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஷாங்காயில் முதல் அடுக்கு (குறைந்த பயன்பாட்டுக்கான) மின்சாரம் காலை 6 முதல் இரவு 10 வரை யூனிட் 0.617 யுவான், அதன்பின் 0.307. ஈரம் உறிஞ்சும் கருவி, துணி துவைக்கும் இயந்திரம் இரண்டையும் இரவில் ஓட்டினால் பில் நன்றாக இறங்கும். எரிவாயு வெந்நீர் அடுப்பு திடீரென்று பற்றவில்லையா? மெக்கானிக்கை அழைக்கும் முன் அடியில் உள்ள இரண்டு பெரிய பேட்டரிகளை மாற்றிப் பாருங்கள். அதன் புகைக்குழாய் வெளியே போகிறதா என்பதையும் முதல் நாளே பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

குப்பை

2019 ஜூலை 1 முதல் ஷாங்காயில் தரம் பிரிப்பது கட்டாயம். தனிநபர் மீறினால் 50 முதல் 200 யுவான். ஈரக் குப்பை பழுப்புத் தொட்டி, உலர் குப்பை கறுப்பு, மறுசுழற்சி நீலம், அபாயகரமானவை சிவப்பு. தொட்டிகள் இருக்கும் கொட்டகை குறித்த நேரத்தில்தான் திறக்கும். நேரம் பலகையில் இருக்கும், பக்கத்தில் ஒரு அம்மாவோ ஐயாவோ நின்று பார்ப்பார்கள். சாப்பாட்டு மிச்சத்தைப் பையோடு போடக் கூடாது. பையைக் கிழித்து உள்ளே இருப்பதைக் கவிழ்த்துவிட்டு, வெறும் பையைக் கறுப்பில் போட வேண்டும். கோழி எலும்பு ஈரம். பெரிய பன்றி எலும்பும் தேங்காய்ச் சிரட்டையும் உலர். அழுக்கான டிஷ்யூவும் உலர்தான்.

சாப்பாடு, போக்குவரத்து

வடகிழக்கு அரிசி குழைந்துவிடும். சோறு உதிரியாக வேண்டுமென்றால் குவாங்தோங் பக்கத்து சீமியாவ் அரிசி வாங்குங்கள். தோல் நீக்கிய பாசிப்பருப்பு எளிதில் கிடைக்கும், துவரம்பருப்பை தாவ்பாவ் என்ற இணையக் கடையில் தேட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, விதை, பழம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் தடை. சைவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்பதோடு நிறுத்தக் கூடாது: மாப்போ டோஃபுவிலும் வறுத்த பீன்ஸிலும் கொத்துக்கறி சேரும், கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். கொத்துக்கறி, இறைச்சிச் சாறு, பன்றிக் கொழுப்பு, சிப்பி சாஸ் நான்கும் கூடாது என்று சீனத்தில் எழுதிக் கைபேசியில் வைத்துக் காட்டுங்கள்.

மெட்ரோ முதல் 6 கிலோமீட்டருக்கு 3 யுவான், பிறகு 10 கிலோமீட்டருக்கு ஒன்று கூடும். கடைசி வண்டி நேரத்தை உங்கள் நிலையப் பலகையில் பாருங்கள்; தவறவிட்டால் டாக்ஸிக் கூலி கனமாக வரும். மின்சார ஸ்கூட்டி வாங்கினால் பில்லும் சான்றிதழும் உள்ள புது வண்டியாக வாங்குங்கள். அவை இல்லாத பழைய வண்டிக்கு எண் பலகை கிடைக்காது. வண்டி 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும்படி செய்யப்பட்டிருந்தாலும், மோட்டார் அல்லாத வாகனத் தடத்தில் வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டர்தான்; ஹெல்மெட் கட்டாயம். பேட்டரியை வீட்டுக்குள்ளோ மாடிப்படி அருகிலோ சார்ஜ் போடாதீர்கள். தீ விபத்துகள் அப்படித்தான் நேர்கின்றன.

அவசரத்துக்கு: காவல் 110, தீ 119, ஆம்புலன்ஸ் 120. குடிவரவுச் சந்தேகங்களுக்கு 12367-இல் ஆங்கிலத்தில் பேசலாம்.

வேலையை விடும்போது

பணி விடுவிப்புக் கடிதம், வேலை அனுமதி ரத்துச் சான்று இரண்டையும் முத்திரையோடு கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த பள்ளியால் புது அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது. வரி கட்டிய பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பை வெளிநாட்டுப் பணமாக மாற்ற வங்கி அதையும் ஒப்பந்தத்தையும் கேட்கும். அட்வான்ஸைத் திரும்பப் பெற, குடிபுகுந்த அன்றே சுவர், தரை, மெத்தை, மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு வீசாட்டில் அனுப்பியிருக்க வேண்டும். தேதியோடு கிடக்கும் அந்தப் படங்களைக் காட்டித்தான் பழைய கறைக்கு உங்களிடம் பிடித்தம் செய்வதைத் தடுக்க முடியும்.