கேனனெட் கேமரா: ரெண்டு உருவம் ஒன்றாகும் இடம்

"மாமா, நடுவுல மட்டும் எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியுது. கெட்டுப்போச்சா?"

போன மாதம் சிங்கப்பூர் தேக்கா சந்தைக்கு வெளியே நின்று என் தங்கை மகள் இப்படிக் கேட்டாள். கெட்டுப்போகவில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில், அதாவது இரண்டு உருவங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமராவில், அப்படித்தான் தெரிய வேண்டும். அவள் கையில் இருந்தது என்னுடைய கேனன் கேனனெட் கியூஎல்17 ஜி-த்ரீ. 1972இல் வெளிவந்த மாடல். 2009இல் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் 60 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். இப்போது வாங்க நினைப்பவர்கள் சிட்டி ஹால் பக்கம், பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கேமரா கடைகளில் தேடிப் பாருங்கள்.

கேமராவின் முகத்தில் இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன. பெரியது வழியாகத்தான் நாம் பார்க்கிறோம். சின்னது வழியாக வரும் உருவத்தை உள்ளே இருக்கும் கண்ணாடிகள் திருப்பிக் கொண்டுவந்து, பெரிய ஜன்னலின் நடுவில் உள்ள மஞ்சள் கட்டத்தில் போடுகின்றன. லென்ஸில் இருக்கும் நெம்புகோலைத் தள்ளினால் அந்த இரண்டாவது உருவம் பக்கவாட்டில் நகரும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இடம்தான் ஃபோகஸ்.

பழகுவதற்கு நேர்க்கோடு உள்ள பொருளாகப் பாருங்கள். எங்கள் தோ பாயோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத் தூண்தான் எனக்குப் பாடம் சொன்னது. ஆளை எடுக்கும்போது மூக்குக்கண்ணாடியின் விளிம்பையோ, சட்டைக் காலரையோ பிடித்துக்கொள்ளலாம். பூக்கடையில்தான் சிரமம். வரிசையாகத் தொங்கும் மல்லிகைச் சரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், ஒரு சரத்தின் உருவம் அடுத்த சரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு, சரியாகிவிட்டது போல் காட்டும். தங்கை மகள் எடுத்த முதல் இரண்டு படங்களும் இப்படித்தான் மங்கிப்போயின. பூக்காரம்மாவின் கத்தரிக்கோல் பிடியைப் பார்த்து ஃபோகஸ் செய்யச் சொன்னேன். அடுத்த படத்தில் நாரின் முடிச்சு வரை தெளிவாக விழுந்திருந்தது. 80 சென்டிமீட்டருக்கும் கிட்டே போனால் இந்த லென்ஸால் ஃபோகஸ் செய்ய முடியாது. அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. தைப்பூசத்தன்று காவடி நம்மைத் தாண்டிப் போய்விடும். அப்போது தூரத்தை 3 மீட்டரில் வைத்துவிட்டு, அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) எஃப் 8இல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். இது 40 மில்லிமீட்டர் லென்ஸ் தரும் வசதி. எனக்கு இந்தக் கேமரா பிடித்ததற்குப் பாதிக் காரணமே இதுதான். மீதிப் பாதி, அதன் சத்தம். வெளிச்சத்தை ஒரு கணம் உள்ளே விட்டு மூடும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 'டிக்' என்று மெல்லத்தான் கேட்கும். பக்கத்தில் நிற்பவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பிலிம் போடுவது எளிது. பெயரில் உள்ள கியூஎல் அதற்காகத்தான், சீக்கிரம் போடலாம் என்று அர்த்தம். பிலிம் நுனியைச் சிவப்புக் குறி வரை இழுத்து, ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் படிகிறதா என்று பார்த்து மூடினால் போதும். ஆனாலும் ஒன்றைச் செய்யாமல் விடாதீர்கள். இடப்பக்கத்துக் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லச் சுற்றி, பிலிம் இறுகியதும் பிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுங்கள். குமிழும் கூடவே சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் 36 படமும் வெறும் கனவுதான்.

பேட்டரி விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். இதற்கென்று செய்த 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கி, போகப்போக இறங்கிக்கொண்டே போவதால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒரு நிலையில் நிற்காது. காதுகேள் கருவிக்குப் போடும் 675 பேட்டரி 1.4 வோல்ட். மருந்துக்கடையில் கிடைக்கும். அளவு சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டு வைக்கிறேன். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் இரண்டு நிமிடம் காற்றுப் படவிட்டுப் போடுங்கள். பேட்டரி தீர்ந்துபோனாலும் கையால் அமைத்துப் படம் எடுக்கலாம். மீட்டர்தான் இருக்காதே தவிர, ஷட்டர் முழுக்க இயந்திரம்.

இனி வெளிச்சம். சிங்கப்பூரில் இதுதான் பெரிய பாடம். அப்பர்ச்சர் வளையத்தை 'ஏ'யில் (ஆட்டோ) வைத்தால், ஷட்டர் வேகத்தை நாம் சொல்ல, அப்பர்ச்சரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். வலப்பக்க முள் அது எந்த எண் என்று காட்டும். கேம்பல் லேன் ஐந்தடி வழியின் (கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை) நிழலில் 60 வேகத்தில், அதாவது நொடியில் 60இல் ஒரு பங்கில், எடுத்துக்கொண்டிருப்போம். அப்படியே நடுப்பகல் சிராங்கூன் ரோடு வெயிலுக்கு வந்து அழுத்தினால் பொத்தான் இறங்காது. பழுது என்று நினைத்து ஓங்கி அழுத்தாதீர்கள். 400 பிலிமுக்கு (எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும்) அந்த வெயிலில் 500 வேகமும் எஃப் 16உம் வேண்டும். 60 வேகம் என்றால் துளையை 16ஐயும் தாண்டிச் சுருக்க வேண்டும், அதற்கு லென்ஸில் இடமில்லை. அதனால்தான் கேமரா பூட்டிக்கொள்கிறது. வேகத்தை 500க்குத் திருப்புங்கள், விட்டுவிடும். பகலில் சுற்றுவதென்றால் நான் 200 பிலிம்தான் போடுவேன். ஒரு படி மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஐந்தடி வழியில் நிற்பவருக்குப் பின்னால் வெயில் அடிக்கும் தெரு இருந்தால் முகம் கறுத்துவிடும். கேமராவை முதலில் நிழல் சுவர் பக்கம் காட்டி, பொத்தானைப் பாதி அழுத்துங்கள். முள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். விரலை எடுக்காமல் அவர் பக்கம் திரும்பி, மீதியையும் அழுத்துங்கள்.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டரில் உலகம் பளிச்சென்றுதான் தெரியும். 'ஏ'யில் இருந்தால் மீட்டருக்கும் இருட்டாகி, ஷட்டர் பூட்டிக்கொண்டு நம்மைக் காப்பாற்றும். கையால் அமைத்து எடுத்தால் அந்தக் காவல் கிடையாது. மருமகள் ஒருத்தியின் வளைகாப்பில் எனக்கு எட்டுப் படங்கள் இப்படிப் போயின. அன்றிலிருந்து மூடி சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் நான் எடுப்பதில்லை.

எம்ஆர்டி ரயிலின் குளிரிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மறுபடியும் படியும். கேமராவைப் பையிலேயே வைத்து, கால் மணி நேரம் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்துவிட்டு எடுங்கள். வீட்டில் அலமாரியில் போட்டு வைத்தால் நம் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி நூல் போலப் படரும். ஈரம் நீக்கும் பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். பழையது வாங்கும்போதும் ஷட்டரைத் திறந்து வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து அந்த நூல் தெரிகிறதா என்று பாருங்கள். பின்மூடி ஓரத்துப் பஞ்சு தார் போலப் பிசுபிசுத்தால் மட்டும் பயப்பட வேண்டாம். ஆல்கஹால் தொட்டுச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம்.

ரோல் முடிந்ததும் அடியில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்திவிட்டு, குமிழை மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் கனமாக இருக்கும். பிறகு சட்டென்று கை லேசாகிவிடும். அதன் பிறகுதான் பின்மூடியைத் திறக்க வேண்டும்.