மார்க் போட்டு பல பேரைத் தேர்ந்தெடுக்கிற எலெக்‌ஷன்ல பண்ணக்கூடாத தப்புகள்

மூணு சீட்டு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் 0ல இருந்து 5 வரைக்கும் மார்க். எல்லாத்தையும் கூட்டி டாப் மூணு பேரை அப்படியே அறிவிச்சிடறாங்க பாருங்க, பெரிய தப்பே அதுதான். 100 பேர்ல 60 பேர் தங்களோட அணி ஆளுங்க மூணு பேருக்கும் 5 போட்டா ஆளுக்கு 300, மீதி 40 பேர் அவங்க ஆளுங்களுக்கு 5 போட்டா 200, ஆக மூணு சீட்டும் ஒரே பக்கம் போயிடும், 40 பேருக்கு ஒருத்தர்கூட இல்ல, இது அநியாயம்.

விகிதாச்சாரம் வரணும்னா ஒவ்வொருத்தர் ஜெயிச்சதும் அவருக்கு மார்க் போட்டவங்க ஓட்டோட வெயிட்டைக் குறைக்கணும். ரீவெயிட்டட் ரேஞ்ச் ஓட்டிங்னு பேரு, ஆஸ்கர்ல விஷுவல் எஃபெக்ட்ஸ் நாமினேஷனுக்குக்கூட இதை யூஸ் பண்ணாங்க. அடிப்படை ஐடியா 1895லயே டென்மார்க் கணித அறிஞர் தீலே சொன்னது. ஜெயிச்சவங்களுக்கு நீங்க போட்ட மார்க்கைக் கூட்டி 5ஆல வகுத்து 1 சேர்த்துக்கோங்க, வர்ற நம்பரால 1ஐ வகுத்தா அதான் உங்க வெயிட். அந்த 60 பேருக்கு முதல் ரவுண்டுக்கு அப்புறம் வெயிட் பாதி, அவங்க அடுத்த ஆளு 150க்கு இறங்கிடுவாரு, 200 வச்சிருக்கிறவர் உள்ள வந்துடுவாரு, மூணாவது சீட்டு திரும்ப 60 பேருக்கு. 2க்கு 1, சரியா வருது.

எக்செல்ல போடறவங்க இங்கதான் சறுக்கறாங்க, ஒரே அணியோட ரெண்டாவது ஆளும் ஜெயிச்சதும் பாதியை இன்னொரு தடவை பாதியாக்கி கால்னு வச்சிடறாங்க. கால் இல்லங்க, மூணுல ஒண்ணு! ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து கணக்குப் போடணும். 78க்கு 22னு ஓட்டு பிரிஞ்சா முதல் ரெண்டு சீட்டும் 78 பேர் பக்கம் போயிடும், மூணாவது சீட்டுக்கு 130க்கு எதிரா 110, கால்னு போட்டா 97.5 ஆகி ஆளே மாறிடுவாரு. அதே மாதிரி தோத்தவங்களுக்குப் போட்ட மார்க்குக்காக வெயிட்டைக் குறைக்கக் கூடாது.

ஓட்டு போடறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். தெரிஞ்சவராச்சேன்னு 3 போடாதீங்க, அவர் ஜெயிச்சா உங்க வெயிட் 0.625 ஆயிடும், உங்களுக்கு நிஜமாவே வேண்டியவருக்கு அவ்ளோதான் போய்ச் சேரும். அதுக்காக எப்படியும் ஜெயிக்கிறவர்தானேன்னு பிடிச்சவருக்கு 0 போட்டு வெயிட்டை மிச்சம் பிடிக்கிறதும் வேண்டாம், நாலு பேர் அதே கணக்குப் போட்டா அவரே தோத்துடுவாரு.

அப்புறம் காலியா விட்ட கட்டத்துக்கு 0ஆ, சமமா வந்தா குலுக்கலா, இதெல்லாம் ஓட்டுக்கு முன்னாடியே எழுதி ஒட்டிடுங்க. எண்ண ஆரம்பிச்சதுக்கு அப்புறம் முடிவு பண்ணா எவனும் ஒத்துக்க மாட்டான்.